விழுந்ததா என்று கேட்பார்கள்

"பொம்பளப் புள்ள ஓட்டுன வண்டின்னா கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம் மாப்ள, எங்கயும் விழுந்திருக்காது" என்று யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டு சிந்துஜாவின் முதுகுக்குப் பின்னால் கடந்து போனார்கள். அவளைச் சொல்லவில்லை. நாலு விரிப்பு தள்ளி நின்ற ஊதா நிற மலைச் சைக்கிளைச் சொன்னார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நீலத் தார்ப்பாயின் நாலு மூலைக்கும் கல் வைத்து, ஓரமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்து, முன்னால் பரப்பியிருந்த பொருள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பென்றால் இந்த மாதிரிப் பேச்சு காதில் பட்டதும் உள்ளே ஏதாவது ஒன்று கிளம்பும். கோபமோ, சிரிப்போ, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அதே குரலில் நடித்துக் காட்ட வேண்டும் என்ற அவசரமோ. இப்போது வார்த்தைகள் வந்தன, வந்த இடத்திலேயே கிடந்தன. இடது கையின் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் வலது கையால் பிடித்துப் பிசைந்தாள். வேறு யாருடைய விரலையோ பிடித்திருப்பது போல இருந்தது. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டால் உதடு மரத்து, சொந்த உதடே ஒரு ரப்பர்த் துண்டாகத் தொங்குமே, அப்படி இரண்டு விரல்கள். நாலு மாதமாக. ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. கார்த்திகை பிறந்து ஆறு நாள். நாள் கணக்கு மட்டும் தவறாமல் இருக்கிறது, நல்லது, நாள் கணக்குத் தவறாத வரைக்கும் தலைக்குள்ளே எல்லாம் சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாள், தினமும் நினைப்பதுதான்.

வடவள்ளியைத் தாண்டித் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடம் அது. வாசலில் போன முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழை மரங்கள் இலை கருகித் தலை சாய்ந்து நின்றன. முகூர்த்தம் இல்லாத ஞாயிறாகப் பார்த்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கோயமுத்தூர்ச் சைக்கிள்காரர்கள் அங்கே கூடிப் பழைய உதிரிப் பொருள்களையும் உடுப்புகளையும் விரித்து விற்பார்கள். மலையேறும் வண்டிகளின் தடித்த டயர்கள், சரளைப் பாதையில் ஓடும் கிராவல் வண்டிகளின் வளைந்த ஹேண்டில்பார்கள், செயின், சீட்டு, கையுறை, பின்பக்கம் மெத்தை வைத்துத் தைத்த அரைக்கால் சட்டைகள். பில் கிடையாது, உத்தரவாதம் கிடையாது. ஒரே ஒரு கேள்விதான் உண்டு. விழுந்ததா? ஃபிரேம் வாங்குகிறவன் கேட்பான், ஹேண்டில்பார் வாங்குகிறவன் கேட்பான், முன் ஃபோர்க்கு வாங்குகிறவன் மண்டியிட்டு அடிப்பக்கம் பார்த்துவிட்டு நிமிர்ந்து கேட்பான். கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். "ஒரு தடவை, பேரூர்ப் பக்கம், இந்தா இந்த இடத்துல" என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும். காட்டிவிட்டு விலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் ஒருமுறை பொய் சொன்ன ஒருவரின் விரிப்புக்கு முன்னால் இன்றைக்கும் யாரும் நிற்பதில்லை. அவர் வருவார், விரிப்பார், ஃபிளாஸ்க்கில் கொண்டு வந்த காபியைத் தானே குடித்துவிட்டுச் சுருட்டிக்கொண்டு போவார். ஹெல்மெட்டுக்கு மட்டும் இந்தக் கேள்வியும் இல்லை. விழுந்த ஹெல்மெட்டை யாரும் இங்கே கொண்டு வரவே மாட்டார்கள். விரிப்பில் ஒரு ஹெல்மெட் இருந்தால் அது விழாதது என்றுதான் அர்த்தம். சிந்துஜாவின் விரிப்பில் ஒன்று இருந்தது. பாசிப் பச்சை நிறம். இடது காதுக்கு மேலே வரும் இடத்தில் தன் சைக்கிள் குழுவின் வட்ட ஸ்டிக்கரைக் கொஞ்சம் சாய்வாக ஒட்டியிருந்தாள். சாய்வாக ஒட்டினால் ஆசைக்கு ஒட்டியது போல இருக்கும், மறைக்க ஒட்டியது போல இருக்காது. ஒட்டும்போது இதை யோசித்தாள். யோசித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பக்கத்து விரிப்பில் பரணி அண்ணன் கியர்ச் சக்கரங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிக்கொண்டிருந்தார். பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர், குழுவில் எல்லோரையும் வம்புக்கு இழுப்பவர். "என்ன சிந்து, கடையவே காலி பண்ற மாதிரி தெரியுது?" என்றார். "அப்கிரேட் பண்றேண்ணா" என்றாள். அந்த ஒரு சொல் போதும். இந்தக் கூட்டத்தில் அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள், காசியில் எதையோ விட்டுவிட்டு வந்தவரிடம் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்காதது மாதிரி. "டீல் சிந்துவே அப்கிரேட் பண்றாளாம், அப்ப எங்கயோ பெரிய தள்ளுபடி ஓடுது, எங்களுக்கும் சொல்லும்மா" என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். உதடு சரியான நேரத்தில் விரிந்ததா என்று பிறகு சந்தேகமாக இருந்தது. டீல் சிந்து. அந்தப் பெயரை அவர்தான் வைத்தார். எதை எங்கே எப்போது வாங்கினால் கொடுத்த காசுக்கு மேலே கிடைக்கும் என்று அவளைக் கேட்டுத்தான் குழுவில் பாதிப் பேர் வாங்குவார்கள். கூச்சத்தில் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள், டயர் என்று வந்துவிட்டால் குழுவின் வாட்ஸப்பில் பக்கம் பக்கமாக எழுதுவாள். போன வருஷத்து நிறத்தை வாங்குங்கள், வண்டிக்கு நிறம் தெரியாது. கியரில் உச்சியில் இருப்பதை வாங்காதீர்கள், இரண்டு படி கீழே இருப்பது அதே வேலையைச் செய்யும், நூற்றைம்பது கிராம் கூடுதலாக இருக்கும், அந்த நூற்றைம்பது கிராமை நீங்கள் வயிற்றில் குறைத்துக்கொள்ளலாம். கிராவல் டயர் பழையதாக வாங்கினால் பட்டையைப் பார்க்காதீர்கள், பக்கச் சுவரைக் கிள்ளிப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். மழைக்கோட்டை உள்பக்கம் திருப்பித் தையலைப் பாருங்கள், டேப் உரிந்திருந்தால் வேண்டாம். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. எதிலே கையை இறுக்கலாம், எதிலே கூடாது. எதிலே கூடாது என்ற பட்டியலில் முதலில் இருப்பது பிரேக். இரண்டாவது என்ன என்று நினைக்கப் போனவள் அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

உடுப்புகளைப் பார்த்தாள். உடுப்புகள் பத்திரமானவை, அவற்றைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நினைக்கலாம். ஐந்து ஜெர்சி, மூன்று மெத்தை அரைக்கால் சட்டை, கைக்கு மாட்டும் வெயிலுறை இரண்டு ஜோடி. எல்லாம் திருப்பூர்ச் சரக்கு. வெளிநாட்டுக்குத் தைத்து, ஒரு தையல் கோணிப்போனதற்காகவோ கப்பல் தேதி தப்பியதற்காகவோ தேங்கி நின்று, காதர்பேட்டையில் லேபிளை வெட்டிவிட்டு மூட்டையாக விற்பார்கள். அவள் வேலை பார்ப்பதும் திருப்பூரில்தான், ஒரு பனியன் கம்பெனியில் துணியின் தரம் பார்க்கும் வேலை. துணியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தாலே எத்தனை கிராம், எந்த நூல், எத்தனை தடவை துவைத்தால் தொய்ந்துபோகும் என்று சொல்லிவிடுவாள். ஆடி மாதத்திலிருந்து வலது கையால் மட்டும் தேய்க்கிறாள். யாரும் கவனிக்கவில்லை. ஒரு நாள் மேஜை மேல் இருந்த துணிக்குப் பெயர் வரவில்லை. மூன்று வருஷமாகத் தினமும் சொல்கிற பெயர். காலருக்கு வைப்போமே, இழுத்தால் விரிந்து சுருங்குமே, கோடு கோடாக இருக்குமே, என்று கையால் காட்டிக்கொண்டு நின்றாள். எதிரில் இருந்த கட்டிங் மாஸ்டர் "ரிப்புங்களா மேடம்?" என்றார். ரிப். அவ்வளவுதான். இரண்டெழுத்து. எல்லோருக்கும் வருவதுதான், தூக்கம் போதாவிட்டால் வரும், இரும்புச்சத்துக் குறைந்தால் வரும். அன்றைக்கு மத்தியானம் கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். ரிப், இன்டர்லாக், சிங்கிள் ஜெர்சி, பிக்கே, ஃப்ளீஸ். எல்லாம் வந்தது. பெருக்கல் வாய்ப்பாடு பதினேழு வரை சொன்னாள். கதவுக்கு வெளியே யாரோ காத்திருந்த செருப்புச் சத்தம் கேட்டு நிறுத்தினாள். பதினேழு எட்டு நூற்று முப்பத்தாறு. சரிதான். இப்போதும் சரியாகத்தான் வருகிறது.

இருபத்திமூன்று நிமிடம். போனில் இருக்கிறது. ஓட்டிய வழியைக் கோடாகப் போட்டுக் காட்டும் செயலியில் பாலமலை ஏற்றம் ஆரஞ்சு நிறத்தில் வளைந்து வளைந்து போகிறது, உச்சி தொடுகிறது, தார் ரோட்டை விட்டுச் சரளைக் கல் பாதையில் இறங்குகிறது, மூன்றாவது வளைவில் ஒரு புள்ளியாக நிற்கிறது. ஆறு நாற்பத்தொன்றிலிருந்து ஏழு நாலு வரை. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, வீட்டுக்கு வருகிறது. அந்தக் கோட்டை அவள் அழிக்கவில்லை, பார்ப்பதும் இல்லை. வளைவுக்குள் நுழைந்தது ஞாபகம் இருக்கிறது. வேகம் கொஞ்சம் அதிகம், ஆனால் பயப்படுகிற வேகம் இல்லை. முன் சக்கரம் சரளையில் மிதந்தது. மிதக்கும்போது பிரேக்கைத் தொடக் கூடாது என்று தெரியும். தொட்டாள். அதற்குப் பிறகு உதட்டில் ஓர் எறும்பு. வளைவுக்கும் எறும்புக்கும் நடுவே எதுவும் இல்லை, இருட்டுகூட இல்லை, இருட்டு இருந்தால் இருட்டு இருந்தது என்றாவது சொல்லலாம். தூரத்தில் ஆட்டுக்கழுத்து மணி கேட்டது. எழுந்து உட்கார்ந்தாள். எழுந்ததும் முதலில் என்ன செய்தாள் என்பதை நினைக்கும்போதெல்லாம் அது வேறு யாரோ செய்தது போல இருக்கும். பின் கியரைப் பார்த்தாள். தொங்கும் இடம் வளைந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேர்க்கோடு பார்த்தாள். வளையவில்லை. அப்பாடா என்றிருந்தது, அந்த உருப்படி இரண்டு மாதம் காத்திருந்து பாதி விலைக்கு வாங்கியது. பிறகுதான் சட்டையின் கை கிழிந்திருப்பதைப் பார்த்தாள். பிறகுதான் மண்ணில் தன் தலை கிடந்த இடத்தில் இருந்த கல்லைப் பார்த்தாள். தேங்காய் அளவு இருக்கும். மழையில் கழுவி வெளுத்திருந்தது.

அம்மா அன்றைக்கு மாவாட்டிக்கொண்டிருந்தாள். "மூஞ்சியெல்லாம் என்னடி மண்ணு?" என்றாள் கிரைண்டர் சத்தத்துக்கு மேலே. "ரோடு வெட்டிப் போட்டிருக்காங்கம்மா, ஒரே புழுதி." மூன்று இட்லி சாப்பிட்டாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அவ்வளவையும் வாந்தி எடுத்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சாயங்காலம் சொல்லியிருக்கலாம். மறுநாள், அதற்கு மறுநாள். ஒரு வாரம் போன பிறகு, விழுந்தேன் என்பதோடு ஒரு வாரமாகச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மாதம் போன பிறகு சொல்வதற்கு இன்னும் பெரிதாகிவிட்டது, தூக்க முடியவில்லை. பெரியப்பா முதன்முதலில் அந்த வண்டியை வாசலில் பார்த்துவிட்டுச் சொன்னது அம்மாவுக்கும் அவளுக்கும் மனப்பாடம். "கல்யாணத்துக்கு நிக்கற புள்ள காட்டுலயும் மேட்டுலயும் விழுந்து கை கால ஒடைச்சுக்கிட்டா யாரு பதில் சொல்றது?" அதற்கு அம்மா, பெரியப்பா முன்னால் ஒரு நாளும் நிமிர்ந்து பேசாத அம்மா, அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, "அவ பாத்து ஓட்டுவா. நான் பதில் சொல்றேன்" என்றாள். டாக்டரிடம் போனால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார். ஸ்கேன் என்றால் அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரிந்தால் பெரியப்பாவுக்குத் தெரியும். அதைவிட, ஸ்கேனில் ஏதாவது இருந்தால் இருக்கும். எடுக்காத வரைக்கும் இல்லை. ஹெல்மெட்டை ஒரு நாள் குப்பை வண்டி வரும் நேரமாகப் பார்த்து வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்தபோது அது துடைத்துக் கழுவி, வழக்கமான ஆணியில் தொங்கியது. "குப்பைக்காரம்மா எடுத்துக் குடுத்துட்டுப் போச்சு, தவறி விழுந்திருக்கும்னு. நல்ல சாமான இப்பிடியா வெப்பே?" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு தினமும் வாசலைத் தாண்டும்போது அது ஆணியில் இருந்தது. ஒரு நாள் இரவு அறைக்குள் எடுத்துப் போய் உள்ளே இருக்கும் கருப்புப் பஞ்சை உரித்துப் பார்த்தாள். வெள்ளைத் தெர்மாகோலில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு, இடது காதுக்கு மேலே ஆரம்பித்து உச்சி வரைக்கும். அந்தத் தெர்மாகோல் ஒரு அடிதான் வாங்கும். ஒன்றை வாங்கிக்கொண்டு, நசுங்கி, அத்தோடு தன் வேலையை முடித்துக்கொள்ளும். பார்த்தால் ஹெல்மெட் மாதிரிதான் இருக்கும். பஞ்சை மறுபடி வைத்து அழுத்தினாள். யாராவது வாங்கிக்கொண்டு போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தது அப்போதுதான். யாராவது இதை நல்ல பொருள் என்று நம்பி வாங்கிவிட்டால் இது நல்ல பொருள்தான். விழாத பொருள். அப்படியென்றால் அவளும்.

"ஏங் கண்ணு, இதென்ன, தலகாணி வெச்சுத் தெச்சிருக்குது?"

நிமிர்ந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், சுடிதாருக்கு மேலே ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, காலில் புத்தம் புது வெள்ளை ஷூ. மெத்தைச் சட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள் அந்த அம்மாள். "உக்கார்ற எடத்துல வலிக்காம இருக்கறதுக்குங்க்கா" என்றாள் சிந்துஜா. "அட, அது தெரியாமத்தான் நான் ரெண்டு வாரமா நின்னுக்கிட்டே டிவி பாக்கறேன்" என்று அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் பரணி அண்ணன் அடுக்கிய கியர்ச் சக்கரத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பெயர் வசந்தாமணி, தொண்டாமுத்தூர்ப் பக்கம் பாக்குத் தோப்பில் கணக்குப் பார்க்கிறாளாம். சர்க்கரை இருக்கிறதாம். டாக்டர் நடக்கச் சொன்னாராம், நடந்தால் முட்டி வலிக்கிறதாம், பெங்களூரில் இருக்கும் மகன் தன் பழைய மலைச் சைக்கிளை லாரியில் போட்டு அனுப்பியிருக்கிறானாம். கேட்காமலே எல்லாம் வந்தது. "தோப்புக்குள்ள வாய்க்கா மேட்டுலயே போயிருவேன் கண்ணு. போன வாரம் வாய்க்காலுக்குள்ளயும் போயிட்டேன். தண்ணி இருந்துச்சு, பொழச்சேன். காலைல எங்ககூட வர்ற புள்ளைக எல்லாம் ஒரே சத்தம், தலைக்குப் போடாம இனி வராதீங்கக்கா, வந்தா சேத்துக்க மாட்டோம்னு."

வசந்தாமணி வெயிலுறையைக் கையில் மாட்டிப் பார்த்தாள். மெத்தைச் சட்டையைத் தன் இடுப்பில் வைத்து அளவு பார்த்து, பரணி அண்ணன் பார்ப்பதைப் பார்த்ததும் சட்டென்று மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு அவளுடைய கை தார்ப்பாயின் மேல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு நகர்ந்து பச்சை ஹெல்மெட்டின் மேல் நின்றதை சிந்துஜா பார்த்தாள். வேண்டாம் என்று நினைத்தாளா, எடுங்கள் என்று நினைத்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. எதுவும் நினைக்கவில்லை என்பதுதான் உண்மைக்குப் பக்கமாக இருக்கும். வசந்தாமணி அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "எப்பிடிங்க இருக்குது?" என்று பரணி அண்ணனைக் கேட்டாள்.

"ராக்கெட் உடப் போற மாதிரி இருக்கீங்க."

"நெலாவுக்கா? எங்கூட்டுக்காரரு சந்தோசப்படுவாரு" என்றவள், ஏதோ நினைவு வந்தவளாக முகத்தை மாற்றிக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது போலக் கேட்டாள். "அந்தப் புள்ளைக எது வாங்குனாலும் இதைக் கேக்கச் சொன்னாங்க. இது விழுந்ததுங்களா?"

"நீங்க வேற. டீல் சிந்து பொருளுங்க அது" என்றார் பரணி அண்ணன். "கண்ணுல வெச்சு ஓட்டுவா. விழறதாவது. ஹெல்மெட்டெல்லாம் இங்க அப்பிடிக் கொண்டாந்து வெக்க மாட்டாங்க, தைரியமா வாங்குங்க."

அவள் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சும்மா இருந்தால் போதும், சும்மா இருப்பது அவளுக்குக் கைவந்தது, பள்ளிக்கூடத்திலிருந்து எல்லோரும் அவளைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல சொல் அமைதியான பெண் என்பது. பொய் அவள் வாயிலிருந்து வரவில்லை. வந்தது பரணி அண்ணன் வாயிலிருந்து, அவருக்கோ அது பொய் என்று தெரியாது, ஆகவே அது பொய்யே இல்லை, யாரும் பொய் சொல்லவில்லை, இந்த மண்டபத்தில் யாரும் யாரிடமும் பொய் சொல்லவில்லை. வசந்தாமணி விலை கேட்டாள். சிந்துஜா சொன்னாள். வசந்தாமணி குறைத்துக் கேட்டாள். சிந்துஜா சரி என்றாள். இவ்வளவு சுலபமாகச் சரி என்றதில் அந்த அம்மாளுக்கே சந்தேகம் வந்து, "கட்டுபடியாகுமா கண்ணு உனக்கு?" என்றாள். தலையாட்டினாள். "அப்ப இந்த வாரைக் கொஞ்சம் எப்பிடி மாட்றதுன்னு காமிச்சுக் குடு சாமி, எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல" என்று சொல்லி, தார்ப்பாயின் ஓரத்தில் அப்படியே குந்தி உட்கார்ந்து, முகவாயை உயர்த்தி, கண்ணை மூடிக்கொண்டாள். தடுப்பூசிக்குக் கையை நீட்டுகிற பிள்ளை மாதிரி கண்ணை ஏன் மூடினாள் என்று தெரியவில்லை.

சிந்துஜா இரண்டு வாரையும் காதுக்குக் கீழே கொண்டு வந்தாள். மை தீட்டிய முடியின் வேர் அரை அங்குலத்துக்கு வெளுத்திருந்தது. காதில் திருகாணி தேய்ந்த பழைய தோடு. கழுத்தில் வியர்வையும் பவுடரும் கலந்து ஒரு கோடு. பூட்டின் இரண்டு பாதியைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான், ஒரு கிளிக். வலது கை தன் பாதியைப் பிடித்துக்கொண்டது. இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டியும் பிடித்துக்கொண்டன, மற்ற இரண்டும் எங்கேயோ இருந்தன. சேரவில்லை. இன்னொரு முறை. சேரவில்லை. மரத்த விரல்களின் பின்பக்கம் அந்த அம்மாளின் தொண்டையில் இடித்துக்கொண்டிருந்தது, அது தொண்டை என்று விரலுக்குத் தெரியவில்லை, கண்ணுக்குத்தான் தெரிந்தது. கட்டைவிரலுக்குக் கீழே மட்டும் ஏதோ துடித்தது. வாய்க்கால் மேடு எவ்வளவு அகலம் இருக்கும். ஓர் அடி, ஒன்றரை அடி. பாக்கு மரங்கள் வரிசையாக நிற்கும், நடுவில் சொட்டுநீர்க் குழாய் போகும், ஈரத்தில் பாக்கு மட்டை விழுந்து கிடக்கும், மட்டையின் மேல் சக்கரம் ஏறினால் வழுக்கும். இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் என்ன. அந்தப் பக்கம் கல் இருக்கும். தோப்புக்கு எல்லை கட்டின கல், தேங்காய் அளவு, மழையில் வெளுத்தது. மெதுவாகத்தான் போவாள், இந்த அம்மாள் வேகமாகப் போக மாட்டாள், மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது. மெதுவாக விழுந்தாலும் தலை அதே உயரத்திலிருந்துதான் விழும். இருபத்திமூன்று நிமிடம். தோப்பில் காலை ஆறே முக்காலுக்கு யார் வருவார்கள். எறும்பு வரும். கிளிக் என்றது. பூட்டிக்கொண்டது. வசந்தாமணி கண்ணைத் திறந்து, தலையை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்து, "கல்லு மாதிரி நிக்குது" என்றாள் சந்தோஷமாக. கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள்.

"அக்கா."

"சொல்லு கண்ணு."

"விழுந்ததுங்க."

"எது? என்ன விழுந்துச்சு?" வசந்தாமணி கைப்பையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"நான் விழுந்தேங்க. அதைப் போட்டுக்கிட்டு." குரல் மிகவும் சாதாரணமாக வந்தது, பஸ்ஸில் நிறுத்தத்தின் பெயர் சொல்கிற மாதிரி. சொன்ன பிறகு ஒன்றும் ஆகவில்லை. தென்னை மரங்கள் நின்றன, யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். சிந்துஜா கையை நீட்டி, பூட்டை அழுத்திக் கழற்றி, ஹெல்மெட்டை அந்த அம்மாளின் தலையிலிருந்து எடுத்து மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். வலது கை நகத்தால் பஞ்சை உரித்தாள். கொஞ்சம் கொஞ்சமாக உரிந்து வந்தது. வெள்ளைக்குள் ஓடிய கோட்டின் மேல், இந்த இடத்தில் எல்லோரும் செய்வது போல, விரலை வைத்துக் காட்டினாள். "பாலமலை எறக்கத்துல. இந்தா, இந்த எடத்துல."

பரணி அண்ணன் தன் விரிப்பைத் தாண்டி வந்து குனிந்து பார்த்தார். கோட்டைப் பார்த்தார், சாய்ந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். "எப்போ?" என்றார்.

"ஆடியில."

"ஆடியிலயா? நாலு மாசம் ஆச்சு. எங்க யாருக்குமே நீ ஒரு வார்த்த..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். எல்லோர் பொருளுக்கும் வாக்குக் கொடுப்பவர், இப்போது கையில் இருந்த கியர்ச் சக்கரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். இனி இந்த விரிப்புக்கு முன்னால் யாரும் நிற்க மாட்டார்கள் என்று சிந்துஜா நினைத்தாள், ஃபிளாஸ்க் காபியைத் தானே குடிக்கும் மனிதரை நினைத்தாள், அந்த நினைப்பும் அவளை ஒன்றும் செய்யவில்லை.

"ஏஞ் சாமி, மண்டையில மாட்டிப் பூட்டுன பொறகா சொல்லுவே?" என்றாள் வசந்தாமணி. கோபம்தான். முகம் சிவந்திருந்தது. "நான் பாட்டுக்குக் காசக் குடுத்துட்டுப் போயிருந்தன்னா? எனக்கு என்ன தெரியும், நீ படிச்ச புள்ள, நீ சொன்னா சரியா இருக்கும்னு..." பேசிக்கொண்டே ஹெல்மெட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி, அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் தொடக்கத்திலிருந்து கடைசி வரை தடவினாள். தடவி முடித்தபோது பேச்சு நின்றிருந்தது. கோடு முடிந்த இடத்தில் விரலை வைத்தபடி சிந்துஜாவைப் பார்த்தாள்.

"இதுக்கே இப்பிடின்னா, உனக்கு?"

சிந்துஜா உரித்த பஞ்சை மடியில் வைத்து நீவினாள்.

"ஆசுபத்திரிக்குப் போனயா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"ஊட்ல தெரியுமா?"

இல்லை.

"வலிக்குதா?"

வலிக்கவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அது உண்மையும்கூட. வலித்தால் பரவாயில்லை என்று நினைத்த நாள்கள் உண்டு. இடது கையைத் தூக்கி, கடைசி இரண்டு விரல்களை மட்டும் அந்த அம்மாளுக்குக் காட்டினாள். காட்டிக்கொண்டே இருந்தாள், கீழே இறக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

வசந்தாமணி ஹெல்மெட்டைத் தார்ப்பாய்க்கு வெளியே மண்ணில் வைத்தாள். கைப்பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டாள். முழங்காலால் நகர்ந்து ஜெர்சிகளையும் டயரையும் ஒதுக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, "எந்தப் பக்கம்? குனி" என்றாள். சிந்துஜா குனிந்தாள். நெற்றி அந்த முரட்டுச் சட்டையின் பொத்தானில் படும் வரைக்கும் குனிந்தாள். வசந்தாமணி அவள் பின்னலைத் தளர்த்தி, இடது காதுக்கு மேலே முடியை இரண்டு கையாலும் வகிர்ந்து வகிர்ந்து பார்த்தாள்.